வீசப்படாத கொடி

நடுவர் தவறினால், தோற்றவருக்கு நேர்ந்தது பிழையா, அநீதியா? இவ்விரண்டையும் ஒன்றெனவே எண்ணிப் பேசுவது நம் வழக்கம். அவை வெவ்வேறு என்பதைத் தெளிய, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்கக் கால்பந்து, நாமறிந்த கால்பந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம் அது. எறிந்த பந்து வந்து சேருமுன், அதைப் பிடிக்க வருபவரை மோதித் தடுத்தல் குற்றமாகும். குற்றங் கண்ட நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். களத்தில் நடுவர் எழுவர் உண்டு.

2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் செயின்ட்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியும் ஆடின. வெல்லும் அணி, 'சூப்பர் பவுல்' எனப்படும் இறுதி ஆட்டத்துக்குச் செல்லும். இரண்டும் 20 புள்ளிகளில் சமமாய் நிற்க, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. செயின்ட்ஸ் வீரர் டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்து வந்தது. அது வந்தடையுமுன்பே ராம்ஸ் வீரர் நிக்கெல் ரோபி-கோல்மன் அவரை மோதி வீழ்த்தினார். கொடி வீசப்படவில்லை. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 26-23 என வென்றது.

தொலைக்காட்சியில் கண்டோர் அனைவரும் அறிந்த உண்மையைத் திருத்த, அன்றைய விதியில் வழியில்லை. கொடி வீசப்பட்டிருக்க வேண்டும் என்று விளையாட்டுக் கழகத்தின் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ரசிகர் சிலர் நீதிமன்றம் ஏறினர், பயனில்லை. இத்தகைய தீர்ப்புகளைப் படம்பார்த்து மறுஆய்வு செய்யலாம் என 2019ஆம் ஆண்டுப் பருவத்துக்கு விதி செய்தனர். ஓராண்டிலேயே அதைக் கைவிட்டனர். படத்தையும் மனிதரே பார்த்து முடிவுகூற வேண்டியிருந்தமையால், ஐயங்கள் தீரவில்லை.

ஆகவே கண்ணின் பிழையை முற்றும் நீக்க இயலாது. அதனை அநீதி என்று பழிப்பதும் பொருந்தாது. அநீதி தொடங்கும் இடம் வேறு. ஆட்டம் முடிந்தபின் ரோபி-கோல்மன், தாம் பந்துக்கு முன்பே சென்று மோதியதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவ்வுண்மையைக் களத்திலேயே கூறியிருக்கலாகாதா?

"குற்றங் காண்பது நடுவர் கடமை, ஆடுவது மட்டுமே வீரர் கடமை" என்பர். விதி அவ்வளவே கேட்கிறது என்பது மெய்தான். ஆனால் விதி கேளாததை மனச்சான்று கேட்பதுண்டு. ஆசிரியர் கூட்டலில் தவறி ஐந்து மதிப்பெண் மிகுதியாய் இட்டால், அது பிழை. அதனை அறிந்தும் மாணவன் வாய்மூடி இருந்தால், அப்பிழை அவனுடையதாகிவிடுகிறது. குறைவாய் இட்டபோது விடைத்தாளுடன் ஓடிவரும் பிள்ளைகள் பலர். மிகுதியாய் இட்டபோது வருவோர் மிகச் சிலரே.

எனினும் ஓர் இளைஞரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிடக்கூடாது. அதே பிழை செயின்ட்ஸ் அணிக்கு வெற்றி தந்திருந்தால், நீதிமன்றம் ஏறிய ரசிகர்கள் அன்றும் ஏறியிருப்பார்களா? நமக்கு இழப்பு நேர்கையில் எழும் சினம், நமக்கு ஆதாயம் நேர்கையிலும் எழுமாயின், அதுவே நீதியின்மேல் கொண்ட பற்று. இல்லையேல், அது நம் பக்கத்தின்மேல் கொண்ட பற்று மட்டுமே.