கஅபின் ஐம்பது நாள்கள்

அரபியில் ‘ஸித்க்’ எனப்படும் வாய்மை, நாவின் சொல்லோடு உள்ளமும் செயலும் பொருந்தி நிற்பதைக் குறிக்கும். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் (கி.பி. 630) தபூக் படையெடுப்பிற்குச் செல்லாது மதீனாவில் தங்கிவிட்ட பலர், நபிகள் நாயகம் (ஸல்) திரும்பியதும் பொய்ச் சாக்குரைத்துத் தப்பினர்; கவிஞரும் வாதத்திறன் மிக்கவருமான கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ, தமக்குத் தடையேதும் இருக்கவில்லை என ஒப்புக்கொண்டார். பொய்யுரைத்தோரின் சாக்குகள் வெளித்தோற்றத்தில் ஏற்கப்பட்டிருக்க, உண்மையுரைத்த கஅபும் வேறு இருவரும் 50 நாள்கள் எவரும் பேசாதபடி விலக்கி வைக்கப்பட்டது வியப்புக்குரியதே. அம்மூவரின் ‘தவ்பா’, அதாவது இறைவன்பால் மீளுதல், ஏற்கப்பட்டதை அறிவிக்கும் குர்ஆன் வசனத்தை (9:118) அடுத்தே, வாய்மையாளருடன் இருக்குமாறு நம்பிக்கையாளரைப் பணிக்கும் வசனம் அமைந்துள்ளது.