பாட்டியின் மூக்குக்கண்ணாடி

‘உப்பும் முளகும்’ ஓடும்போது அம்மை விரல் மடக்கத் தொடங்கிவிட்டாளென்றால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கதையைக் கவனிக்க முடியாது. வலதுகைக் கட்டைவிரல் இடதுகை விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறும். “இந்த முடியனுக்குத் தாடி மீசை எல்லாம் வந்தாச்சு. நீலுவைப் பாரு, கன்னத்தில ஒரு சுருக்கம் உண்டுமா? அப்போ இவ எந்த வயசில பெத்தா?” கட்டைவிரல் பதின்மூன்றாவது கணுவில் நிற்கும். “அந்த வயசில கெட்டிக் குடுத்தா அப்பனைப் போலீசு பிடிச்சிட்டுப் போவும்” என்று தீர்ப்பும் வந்துவிடும்.

ஃபிளவர்ஸ் தொலைக்காட்சியில் 2015 டிசம்பரில் தொடங்கிய தொடர் அது. பாலுவாக பிஜு சோபானம், நீலுவாக நிஷா சாரங், அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவன் விஷ்ணு, சுருட்டைத் தலைமுடியால் ‘முடியன்’ ஆனவன். கதைப்படி பாலு நெய்யாற்றின்கரைக்காரன். கேரளத்து அம்பூரியில் இருக்கும் எங்களுக்கு அது பழைய தாலுகா ஊர், அவன் திருவனந்தபுரத்துப் பேச்சும் எங்கள் காதுக்குப் பழகியது. அதனால் அம்மை பாலுவிடம் எந்தக் குறையும் கண்டதில்லை. அவன் வயதை எண்ணியதும் இல்லை. எண்ணுவதெல்லாம் நீலுவின் வயதைத்தான்.

இதே அம்மை ரஜினி படத்தில் விரல் மடக்கி நான் பார்த்ததில்லை. ‘படையப்பா’வில் ரஜினிக்குத் தாயாக வரும் லட்சுமி 1952இல் பிறந்தவர், மகன் 1950. தாயைவிட மகனுக்கு இரண்டு வயது கூடுதல். ‘அவர்கள்’ படத்தில் 1977இல் ரஜினியின் மனைவியாக நடித்த சுஜாதா, 2002இல் ‘பாபா’வில் அவருக்கே அம்மா. இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது, “அது சினிமாடா” என்று முடித்துவிட்டாள். யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. சினிமாவில் வரும் தாய் ஒரு தெய்வம் மாதிரி. பகவதிக்கு யார் வயது கேட்கிறார்கள்? தொலைக்காட்சிக் குடும்பம் அப்படியல்ல. அங்கே அரிசிப் பானை இருக்கிறது, கரண்ட் பில் வருகிறது, பிள்ளை செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான். நம் வீட்டின் நகல் என்று சொல்லிக்கொண்டு வருவதால் நம் வீட்டுக் கணக்கையே அதற்கும் போட்டுப் பார்க்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், அம்மையும் 1952இல் பிறந்தவள். எங்கள் மூத்த அண்ணன் பிறந்தது 1958.

பெற்றவள் எனக்கு நாலு வயது இருக்கையில் போய்விட்டாள். அப்பா 1973இல் ஆறுகாணிப் பக்கத்திலிருந்து இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு நாற்பத்தொன்று, இவளுக்கு இருபத்தொன்று, அண்ணனுக்குப் பதினைந்து, எனக்கு ஐந்து. ஐந்து வயதுக்காரனுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. சோறு போட்டவளை அம்மை என்றுவிட்டேன். அண்ணன் ஒரு வருடம்போல அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று இருமுவான்.

அடுத்த வருடம் அண்ணன் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டு எங்கேயோ சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டான். வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பில் ஏற்றுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. விடியுமுன் வெட்டிய மரத்துப் பாலை வெயில் ஏறுவதற்குள் எடுத்து, ஆசிட் விட்டு, உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கவேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் அன்றைய பாடு போயிற்று. “நீ போயிட்டு வா” என்றார் அம்மையிடம்.

அவள் போவதற்கு முன் செய்த காரியத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளை மடித்து உள்ளே வைத்தாள். பாட்டியின் சாம்பல் நிற நூல் சேலை ஒன்றை எடுத்து உடுத்தாள். பின்னலை அவிழ்த்துக் கொண்டையாக முடிந்தாள். பொட்டைச் சிறிதாக்கினாள். அப்புறமும் கண்ணாடியில் பார்த்து ஏதோ போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பாட்டி பைபிள் வாசிக்க வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை, ஒரு கம்பிக்கு நூல் சுற்றியது, எடுத்துப் போட்டுக்கொண்டாள். பாட்டி சிரித்ததில் வெற்றிலை எச்சில் முற்றத்தில் தெறித்தது.

தலைமையாசிரியர் அவளைப் பார்த்து “சேச்சியாணோ?” என்று கேட்டாராம். “அல்ல சார், அம்மயா” என்றாளாம் இவள். அவர் அண்ணனைப் பார்த்தாராம், இவளைப் பார்த்தாராம், வேறொன்றும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். அங்கே வரைக்கும் சரி. திரும்பி வரும்போதுதான் வினை. பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை கண்ணாடியைக் கழற்றமாட்டேன் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். சார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால்? பாட்டியின் பவரில் பாதை அலை அலையாகத் தெரிகிறது. ஓடைக்குக் குறுக்கே கமுகுத்தடிப் பாலம். பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணன், அவள் தடியில் கால் வைப்பதற்குப் பதில் தண்ணீரில் வைக்கப் போவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறான். “அம்மே, அந்தக் கருமத்தைக் கழட்டுங்க!”

அதுதான் முதல் தடவை. இதை அண்ணன் சொல்லி எனக்குத் தெரியாது. அம்மை சொல்லித்தான் தெரியும், இதுவரை நூறு தடவையாவது.

இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் தன்மேல் கிழத்தனத்தை ஏற்றிக்கொண்டாளே, அதற்கும் நடிகைகள் நெற்றியோரத்தில் வெள்ளை பூசிக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம் என்று பின்னால் நினைத்துப் பார்த்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் கவியூர் பொன்னம்மா காலமானபோது, மலையாளச் சேனல்கள் எல்லாம் அவர் மோகன்லாலுக்குத் தாயாக நின்ற காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டன. ‘கிரீடம்’ வந்த 1989இல் அது பொருத்தமான ஜோடிதான். ஆனால் 1965இலேயே ‘தொம்மன்றெ மக்கள்’ படத்தில் அவர் கதாநாயகர்களுக்குத் தாயாகிவிட்டார். அப்போது அவருக்கு இருபது வயது. மகன்களில் ஒருவர் மது, முப்பதைத் தாண்டியவர். இன்னொருவர் சத்யன், 1912இல் பிறந்தவர். நடிக்க வருவதற்கு முன் வாத்தியாராகவும் பட்டாளத்திலும் போலீஸ் இன்ஸ்பெக்டராகவும் ஒரு வாழ்க்கையையே வாழ்ந்து முடித்தவர். ஐம்பதைக் கடந்த மகனுக்கு இருபது வயதுத் தாய். நாடக மேடையிலிருந்து வந்த ஒரு பெண் அந்த நரையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அது உண்மையான நரையாக மாறும்வரை இறக்கவே இல்லை.

நம் பக்கம் பண்டரிபாய் கதையும் அதேதான். ‘பராசக்தி’யில் 1952இல் சிவாஜிக்குக் காதலி. ‘குடியிருந்த கோயில்’ படத்தில் 1968இல் எம்.ஜி.ஆருக்குத் தாய், மகனைவிடப் பத்து வயதுக்குமேல் இளைய தாய். அமெரிக்காவிலும் 1985இல் தொடங்கிய ‘கோல்டன் கேர்ள்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரில் எண்பது வயதுக் கிழவியாக வந்த எஸ்டெல் கெட்டி, தன் மகளாக நடித்த பீ ஆர்தரைவிட ஒரு வயதுக்குமேல் இளையவர். ஆண்களில் இப்படி யாராவது உண்டா என்றால், அனுபம் கெர் முப்பது நிரம்புமுன் 1984இல் ‘சாரான்ஷ்’ படத்தில் மகனைப் பறிகொடுத்த ஓய்வுபெற்ற வாத்தியாராக நடித்தார். அதை நடிப்பின் சாதனை என்று இன்றுவரை பேசுகிறோம். பொன்னம்மா செய்ததைச் சாதனை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா வேஷம்தானே என்கிறோம். கதாநாயகன் நாற்பது வருடம் கதாநாயகனாகவே நிற்கையில் அவனைச் சுற்றியுள்ள பெண்கள்தான் மகளாக, காதலியாக, தாயாக மாறி மாறி வேகமாகக் கிழடாகவேண்டியிருக்கிறது. எங்கள் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் போட்டிருந்த சட்டையோடுதான் போயிருப்பார்.

ஊர் அம்மையின் வயதைப் பார்த்துச் சிரித்தது உண்மை. பஸ்ஸில் கண்டக்டர் அண்ணனையும் அவளையும் ஜோடியாக நினைத்து ஒரு சீட் காட்டிய கதையெல்லாம் உண்டு. ஆனால் சிரித்து இரண்டு வருடத்தில் அலுத்துவிட்டது. சிரிக்காத விஷயம் ஒன்று அடியில் கிடந்தது. அது 1984இல் அண்ணன் கல்யாணத்தன்று மேலே வந்தது.

படம் எடுக்கிற நேரம். மணமக்களுக்கு இரண்டு பக்கமும் பெற்றோர் நிற்கவேண்டும். ஃபோட்டோகிராஃபர் கேமராவுக்குப் பின்னாலிருந்து அம்மையைப் பார்த்து, “அம்மையை விளிக்கு” என்றார். அம்மை நின்றுகொண்டிருக்கிறாளே என்று யாராவது சொல்லியிருக்கலாம். அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, முன்னால் வந்தாள். “நீ கொஞ்சம் தள்ளி நில்லு பிள்ளே. பெத்தவ இருந்திருந்தா நின்னிருப்பா. படத்தில பாக்க ஒரு லெச்சணமா இருக்காண்டாமா” என்று அம்மையின் தோளை மெல்ல நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டாள். அத்தைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பார்க்கத் தாய் மாதிரியே இருந்தாள். அம்மைக்கு முப்பத்திரண்டு. ஆல்பத்தில் இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது. வலது ஓரத்தில், தாம்பாளம் பிடித்த இரண்டு கைகளும் ஒரு பாதி முகமும் தெரியும். அண்ணன் பிள்ளைகள் சின்ன வயதில், “இது யாரு, மாமியா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அத்தை கெட்டவளில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் செய்தது காஸ்டிங். பொருத்தமாகத் தெரிகிற ஆளைப் பொருத்தமான இடத்தில் நிறுத்தினாள், அவ்வளவுதான். வயதை மன்னித்துவிடுவார்கள், பிறப்பை மன்னிக்கமாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறப்பைப் பார்த்து ஆளை விலக்குவது திருவிதாங்கூரின் முதல் சினிமாவிலேயே நடந்திருக்கிறது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் நிலத்தை விற்று எடுத்த ‘விகதகுமாரன்’ ஊமைப்படம். வெளிவந்த வருடம் 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. தலைப்புக்குக் காணாமல்போன பிள்ளை என்று பொருள். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி, தலித் பெண். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள். ரோஸி ஊரைவிட்டு ஓடவேண்டியதாயிற்று; நாஞ்சில்நாட்டுப் பக்கம் போய் பெயரும் முகமும் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். இதே மண்ணில், சில பத்தாண்டுகள் கழித்து, ஐம்பதைக் கடந்த சத்யனுக்கு இருபது வயதுப் பெண் தாயாக வந்தபோது கொட்டகையில் ஒரு கல்கூட விழவில்லை. நம்ப முடியாததை நம்புவதில் ஜனங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எதை நம்ப மறுப்பது என்பதைத்தான் அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

டேனியலுக்கு என்ன ஆயிற்று? பட முதலை இழந்து, பல் வைத்தியராகி, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். அதற்குள் 1956இன் மாநிலப் பிரிவினை வந்து எல்லை போட்டுவிட்டுப் போயிருந்தது: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டுப் பக்கம், எங்கள் ஊர் அப்போது இருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளப் பக்கம். தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி அவருக்குக் கேரளத்தில் உதவித்தொகை தட்டிக்கழிக்கப்பட்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னால் 1992இலிருந்து அவர் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கிறது. இப்போது மலையாள சினிமாவின் தந்தை அவர்தான். தந்தை வேஷம் கிடைத்தபோது ஆள் இல்லை.

அம்மை அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கமுகுப் பாலத்தை நூறு தடவை சொன்னவள் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாம்பல் நிறச் சேலைகளை மட்டும் அவள் விடவில்லை. தலை நிஜமாகவே நரைத்தபிறகு, ஐம்பத்தைந்து வயதுக்குமேல், திடீரென்று ஒரு ஓணத்துக்கு மாம்பழ நிறத்தில் சேலை எடுத்தாள். “இனி என்ன” என்றாள். எனக்கு அப்போது அது சரியாக விளங்கவில்லை.

போன வருடம் அண்ணனுக்குப் பித்தப்பையில் கல். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணி முட்டுவலிக்காரி, மாடி ஏறமுடியாது. இரவு நான் இருக்கிறேன் என்று அம்மை பிளாஸ்க்கும் பாயுமாக வந்துவிட்டாள். எழுபத்திரண்டு வயது, அந்த மாம்பழச் சேலை. கட்டிலில் அறுபத்தாறு வயது அண்ணன், வழுக்கைத் தலையும் தொங்கிய கன்னமுமாக அவளைவிடக் கிழவனாகக் கிடந்தான். நர்ஸ் பெண் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும்.

“பைஸ்டாண்டர் ஆரா? சகோதரியாணோ?”

“அம்மயா” என்றாள் அம்மை.

அந்தப் பெண் ஃபாரத்தில் அண்ணன் வயதைப் பார்த்தாள். அம்மையின் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பேனா பிடித்த கையின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, விரல் கணுவில் ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கியது. நான் பார்த்தேன். அம்மையும் பார்த்துவிட்டாள்.

“எண்ணாண்டாம் மக்களே,” என்றாள். “எழுது.”