வீடொன்றுக்கு நால்வர்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கொடுத்த எக்ஸெல் தாளில் மாற்றக்கூடாத எண் ஒன்று இருந்தது: 4. ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் எத்தனை வீடுகள் என்பதை நான்கால் பெருக்கி, நிலத்தின் ஏக்கரால் வகுத்தால் ‘ஏக்கருக்கு இத்தனை பேர்’ என்று குடியிருப்பு அடர்த்தி வந்துவிடும். கோலாலம்பூரில் ஒரு நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்பதை இப்படித்தான் பேசுகிறோம். அடுத்த தாளில் கழிவுநீர்க் குழாய்க் கணக்கு. அங்கே அதே வீட்டுக்கு 5 பேர்.

“ஏன்ணே, இங்க நாலு பேரு, அங்க அஞ்சு பேரு?” என்று சீனியரிடம் கேட்டேன்.

“குழாய் அடைச்சா நம்மளக் கேப்பாங்க தம்பி. ஆளு நெருக்கியடிச்சா யாரு கேக்கப் போறா?”

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இரவு மோட்டாரில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. நான் வளர்ந்த பிபிஆர் வீட்டில் நாங்கள் ஏழு பேர். 700 சதுர அடி, மூன்று அறைகள். பாட்டி ஹாலில் படுப்பார். அவர் தூங்கிய பிறகு ஹால் விளக்கை அணைத்துவிட்டு குசினியில் உட்கார்ந்து எஸ்பிஎம் சோதனைக்குப் படித்தேன். காலை ஆறரை மணிக்கு எங்கள் புளோக் லிஃப்டுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை எந்தத் தாளும் எதிர்பார்த்திருக்கவில்லை. நால்வருக்கான வீட்டில் மீதி மூன்று பேர் யார்?

அடர்த்தி விதியைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த எண் இல்லையென்றால் வடிகாலும் சாலையும் பள்ளிக்கூடமும் தாங்குமா என்று கேட்கவே முடியாது. ‘இந்த இடத்தில் இதற்கு மேல் ஆட்கள் வரமாட்டார்கள்’ என்று நகரம் தன் மக்களுக்குக் கொடுக்கும் வாக்கு அது. என் கேள்வி வேறு. அந்த வாக்கு யாருக்குக் கொடுக்கப்படுகிறது? அதை மாற்றும்போது யாரைக் கேட்க வேண்டும்?

இதை யோசிக்க நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டி தாமான் ரிம்பா கியாரா என்றொரு பூங்கா, சுமார் 25 ஏக்கர். அதன் ஓரத்தில் ஒரு நீண்டவீட்டுக் குடியிருப்பு. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே வேலை செய்த குடும்பங்களை 1982இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து வைத்த இடம். சுமார் நூறு குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள். நிரந்தர வீடு வரும் என்பது அன்றைய வாக்கு.

2017இல் அந்த நிலத்தில் 12 ஏக்கருக்கு மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி கொடுத்தது. 42 முதல் 54 மாடி வரை உயரும் எட்டுக் கட்டடங்களில் 1,766 சர்வீஸ் அப்பார்ட்மெண்ட்கள். கூடவே 29 மாடிக் கட்டடம் ஒன்றில் 350 மலிவு விலை வீடுகள். நீண்டவீட்டுக் குடும்பங்களுக்கான வீடும் அதற்குள்தான். என் எக்ஸெல் தாளில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 2,116 வீடுகள். நான்கால் பெருக்கினால் 8,464 பேர். குழாய்க் கணக்கில் 10,580 பேர்.

அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்தில் பசுமைக்காக ஒதுக்கப்பட்ட இடம் அது. திட்டத்திலிருந்து விலகினால் டத்தோ பண்டார் காரணம் சொல்லியாக வேண்டும், பாதிக்கப்படும் அண்டை அயலாரின் குரலைக் கேட்டாக வேண்டும் என்றது நீதிமன்றம். அனுமதி கொடுப்பவரே அந்தத் திட்டத்தில் பங்குள்ள அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவிலும் இருந்ததைத் தவறென்று சொன்னது.

எனக்குப் பெரிய சந்தோஷம். தீர்ப்புச் செய்தியை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னேன். அப்பா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப அந்த லயத்து ஆளுங்களுக்கு வீடு கெடச்சிருச்சா?”

கிடைக்கவில்லை. 1982இலிருந்து 2023 வரை 41 வருடம். தீர்ப்பு வந்த அன்றும் அவர்கள் அதே நீண்டவீட்டில்தான் இருந்தார்கள். நான் பூங்காவைப் பார்த்தேன், சட்டத்தைப் பார்த்தேன். அப்பா ஆட்களைப் பார்த்தார்.

அதற்காகத் தீர்ப்பு தவறு என்று நான் நினைக்கவில்லை. இன்று யோசித்தாலும் சரியென்றே படுகிறது. எனக்கு நெருடுவது அதற்கு முன்னால் நடந்தது: நீண்டவீட்டுக்காரர்களின் வீட்டையும் 1,766 அப்பார்ட்மெண்ட்களையும் ஒரே கயிற்றில் கட்டியது. கட்டிய பிறகு உயரத்தை எதிர்ப்பவர்கள் ஏழைகளின் வீட்டை எதிர்ப்பவர்களாகத் தெரிவார்கள். வீட்டுக்காகக் காத்திருப்பவர்கள் பூங்காவை அழிப்பவர்களாகத் தெரிவார்கள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க, கயிற்றைக் கட்டியவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். கூடுதல் மாடிக்கு அனுமதி கொடுத்து, அதற்குப் பதிலாக மலிவு விலை வீடுகளைக் கட்டச் சொல்வது உலகத்தில் பல நகரங்கள் செய்வதுதானே? ஆமாம், செய்கிறார்கள். மேம்பாட்டாளர் லாபத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போவதில் என்ன தப்பு? பல இடங்களில் தப்பே இல்லை. ஆனால் புதிதாக ஒரு நன்மையை உருவாக்குவது வேறு, பழைய கடனை அடைப்பது வேறு. ஒருவருக்கு நான் பத்தாயிரம் ரிங்கிட் தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “பக்கத்து வீட்டுக்காரர் தன் முற்றத்தை எனக்கு விட்டால் உன் காசைத் தருகிறேன்” என்று நான் சொன்னால் அதற்குப் பேர் பேரமா? கடன் என்னுடையது. அதை அடைக்கும் வழியும் என் பொறுப்பு. 1982இல் கொடுத்த வாக்குக்கு 54 மாடி தேவைப்பட்டிருக்கவில்லை. நூறு குடும்பத்துக்கு நூறு வீடு போதும். நான்கால் பெருக்கினாலும் 400 பேர்தான்.

அடுத்தது குரல். கோலாலம்பூரில் நிலப் பயன்பாட்டையோ அடர்த்தியையோ மாற்றும்போது யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதி 1970இல் வந்தது. அது பேசுவது அண்டை நிலங்களின் பதிவுபெற்ற உரிமையாளர்களைப் பற்றி. கிராண்ட் இருப்பவருக்குக் கடிதம் வரும். நாற்பது வருடமாக அதே மண்ணில் குடியிருந்தும் கிராண்ட் இல்லாதவருக்கு அந்த விதியின்படி கடிதம் வராது. ஒரு பகுதியில் எத்தனை பேர் வாழலாம் என்ற கேள்விக்கு, அங்கே சொத்து வைத்திருப்பவர் பதில் சொல்லலாம். வாழ்ந்துகொண்டிருப்பவர் பயனாளிப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் வரலாம். இது சட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டைபோலத் தெரியும். எனக்கு இதுதான் விஷயத்தின் மையமாகப் படுகிறது.

விதி தெளிவாக இருந்தால் போதும் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். கட்டமைப்புத் திட்டத்துக்குப் பிறகு எந்த நிலத்தில் எவ்வளவு என்று விவரமாகச் சொல்லவேண்டிய நகரத் திட்டத்தின் வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அரசிதழில் வந்தது 2018 அக்டோபரில். பத்து வருடம் வரைவாகவே கிடந்த விதியைக் காட்டி ஒரு சாதாரண ஆள் எந்தக் கவுண்டரில் வாதாட முடியும்? விதி மங்கலாக இருக்கும்போது எல்லோருக்கும் சமமாகக் கஷ்டம் வருவதில்லை. யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது வசதி.

ஆனால் தெளிவு மட்டும் போதாது என்பதற்கு என் எக்ஸெல் தாளே சாட்சி. அதைவிடத் தெளிவான விதி கிடையாது: வீடொன்றுக்கு நால்வர். அதற்குள் என் பாட்டி இல்லை. ஒரு நகரம் தன் அடர்த்தியைத் தீர்மானிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் எவ்வளவோ நியாயம் பிறக்கும். இந்த மண் எத்தனை பேரைத் தாங்கும்? இந்த மண்ணில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நாம் என்ன பாக்கி வைத்திருக்கிறோம்? முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதன் செலவுக்குப் பயன்படுத்தும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

இப்போது எந்தத் திட்டம் என் மேசைக்கு வந்தாலும் தாளின் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்: இந்த நிலத்தில் தற்போது வசிப்பவர்கள் எத்தனை பேர். அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. முதல் முறை பார்த்த சீனியர், “இத யாரும் கேக்கலியே தம்பி” என்று சொல்லி அழித்துவிட்டார். இரண்டாவது முறையும் அழித்தார். போன மாதம் வந்த திட்டத்தில் அந்த வரியில் 23 குடும்பங்கள் என்று எழுதியிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படித் தெரியும்?” என்றார்.

“போய்ப் பாத்துட்டு வந்தேண்ணே.”

அந்த வரியை அவர் அழிக்கவில்லை. அறிக்கையில் சேர்க்கச் சொல்லவும் இல்லை.