காட்சிப்பேழையும் மனச்சான்றும்

நூதனசாலைக் காப்பாளருக்குப் பயிற்சியளிக்கும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மாணவர் குழுவொன்று உண்மையான கண்காட்சியொன்றைத் திட்டமிட்டு அமைத்துத் திறந்துவைத்தல் பாடநெறியின் ஓர் அங்கமாக உள்ளது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வெறும் தொழிற்பயிற்சியே. கடதாசியையும் துணியையும் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவினும் மிகுந்த ஒளியில் வைத்தலாகாது என்பதையும், ஒளியால் நேர்ந்த கேட்டினைப் பின்னர் இருள் போக்காது என்பதையும் மாணவன் அங்கே கற்கிறான். பொருளைத் தூக்கும் முறையும் குறிப்பட்டையின் எழுத்தளவும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். கைப்பழக்கத்தால் வாராத ஒன்று, பொருள்களைத் தெரிவு செய்யும் நாளிலே தொடங்குகின்றது. களஞ்சிய அறையில் நூறு பொருள்கள் உள. கூடத்தில் இருபதுக்கே இடமுண்டு. எண்பதை விலக்கும் உரிமையை அவனுக்கு அளித்தவர் யாவர்?

இடம் போதாது என்பது எளிய விடை. அது பெரும்பாலும் உண்மையுமாகும். அதனாலேயே அதன் பின்னே வேறு காரணங்கள் மறைந்துகொள்ள முடிகின்றது.

1992ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பைக்கொண்டு பிறெட் வில்சன் என்னும் கலைஞர் ஒரு கண்காட்சியை அமைத்தார். ஒரு பேழையிலே நுண்ணிய வேலைப்பாடமைந்த வெள்ளிப் பாத்திரங்கள்; அவற்றின் நடுவே அடிமைகளைப் பிணித்த இரும்பு விலங்கு. உலோக வேலை, 1793–1880 என்பதே குறிப்பு. பிறிதோரிடத்தில் நெப்போலியன், ஹென்றி கிளே, அன்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள் நின்றன. மூவருள் எவரும் மேரிலாந்தைச் சேர்ந்தவரல்லர். அவற்றருகே வெறும் பீடங்கள் மூன்று. அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்த பெயர்களோ, அம்மண்ணிற் பிறந்த கறுப்பினத்தவரான ஹரியற் ரப்மன், பிரடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பன்னேக்கர் என்பன.

விலங்கும் வெள்ளியும் ஒரே கழகத்தின் உடைமைகளே. அவற்றை ஒருங்கே காணவொட்டாது தடுத்தது பொய்யுரை எதுவுமில்லை; வகைப்படுத்தல் என்னும் குற்றமற்ற செயலே. பொய் கூறாதவன் உண்மைக்குக் கடன் தீர்த்தவனாவானா என்னும் வினா இங்கே எழுகின்றது.

காப்பாளன் பிரசாரகனாதல் தகாது என இதனை மறுப்போர் உளர். அம்மறுப்பைப் புறக்கணித்தலும் இயலாது. முரண்பட்ட இரு பொருள்களை அருகருகே வைக்கும் உத்தியை மட்டுமே வில்சனிடம் கற்கும் மாணவன், காண்போரை அதட்டும் கண்காட்சியையே அமைப்பான். ஆயினும் வில்சனுடைய குறிப்பு எவரையும் அதட்டவில்லை. தீர்ப்பைக் காண்போரிடமே விட்டது. எவ்வாறு வைப்பினும் அவ்வைப்பு ஏதோவொன்றைக் கூறியே தீரும். கூறுவதற்குப் பொறுப்பேற்பதா, ஒன்றுமே கூறவில்லை எனப் பாசாங்கு செய்வதா என்பதே மாணவன் முன்னுள்ள தெரிவு.

விலங்கின் வழக்கில் முடிவு ஓரளவு எளிது. வழிபாட்டுருவத்தின் வழக்கு அத்தகையதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர் முதலிய வெண்கலங்கள் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூல் அச்சேகரிப்பின் வெண்கலங்களை உலகறியச் செய்தது. நீராட்டி, ஆடை சாத்தி, மாலை சூட்டப்படுவதற்கென வார்க்கப்பட்ட உருவம் பேழையுள் நிற்கும்போது, சிற்பியின் கைத்திறன் முழுமையாகப் புலப்படுகின்றது. கோயிலில் அங்ஙனம் புலப்பட்டிராது. இது ஆதாயமே. ஆனால் பேழையின் முன் ஒரு மூதாட்டி கைகூப்பி நிற்பாராயின், உலோகமும் காலமும் கிடைத்த இடமும் கூறும் குறிப்பட்டை அவருக்கு எதைச் சொல்லும்? பேழையின் உயரத்தை ஆய்வாளரின் கண்மட்டத்துக்கு அமைப்பதா, வணங்குவோரின் தலைக்கு மேலாக அமைப்பதா? அளவுகோலுடன் நிற்கும் மாணவன் இதற்கும் விடை கண்டாக வேண்டும்.

சேகரிப்புப் பதிவேட்டிலே பொருளின் எண், அளவு, நிலை, கிடைத்த இடம் ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. காட்சியினின்றும் விலக்கப்பட்டமைக்குக் காரணம் எழுதும் நிரல் பொதுவாக இருப்பதில்லை. மாணவர் கண்காட்சியிலேனும் அத்தகைய நிரலொன்றைச் சேர்த்து, அந்த எண்பது பொருள்களுக்கும் தனித்தனியே, இடம் போதாது என்னும் தொடரைக் கையாளாது, காரணம் எழுதச் செய்தல் நன்று.