கவிழ்த்த பாத்திரமும் திறந்த வாயிலும்

தன் மக்களைத் தானே ஒடுக்கும் ஓர் அரசாங்கத்தை நல்வழிப்படுத்த விரும்பும் அயல்நாடு எதனைச் செய்தல் தகும்? உறவை முறித்துப் பகிஷ்கரிப்பதா, உறவை விடாது பேசித் திருத்த முயல்வதா? இக்கேள்வி புது தில்லியின் ஆட்சியாளருக்கு மட்டும் உரியதன்று. சமத்துவம் நாடித் தம்மத்தைத் தழுவிய நமக்கும் உரியதே. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரால் கிணறும் கடையும் கூலியும் மறுக்கப்படுவதன் பொருளை நம்மவர் நன்கறிவர். ஆதலால், பகிஷ்காரம் என்னும் ஆயுதம் எளியோர்மீதே பாயவும் கூடும் என்பதை நாம் மறத்தற்கில்லை.

விநய பிடகத்தில் இதற்கு ஒரு வழி காணக் கிடக்கிறது. லிச்சவி குலத்து வட்டன் என்பான், தப்ப மல்லபுத்தர் என்னும் குற்றமற்ற பிக்குவின்மீது வீண்பழி சுமத்தினான். அவனுக்குப் பாத்திரத்தைக் கவிழ்க்குமாறு பகவான் சங்கத்தைப் பணித்தார். அவன் இடும் பிச்சையைப் பிக்குகள் ஏற்கலாகாது என்பதே அதன் பொருள். ஆனந்தர் அவனிடம் நேரிற் சென்று அம்முடிவை அறிவித்தார். அவன் வருந்திக் குற்றத்தை ஒப்புக்கொண்டபின் பாத்திரம் நிமிர்த்தப்பட்டது. இங்கு மூன்று உண்மைகள் உள. தண்டனை தவறிழைத்தவனையே சேர்ந்தது. தண்டித்தோரும் இழப்பை ஏற்றனர். மீளும் வழி மூடப்படவில்லை.

இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு தில்லியின் செயல்களை நோக்குவோம். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1946-ல் பிறந்தது. அவ்வாண்டே இந்தியா அந்நாட்டோடு வாணிபத்தை நிறுத்தி, வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கை அதனால் இழந்தோம். தில்லையாடி வள்ளியம்மை உயிர்நீத்த அந்நாட்டின் தமிழருக்காக மட்டுமன்றி, அனைத்துக் கறுப்பின மக்களுக்காகவும் அத்தடை நீடித்தது. துன்பம் தம்மவரையும் தாக்கும் என்றறிந்தும், ஆல்பர்ட் லுத்துலி 1959-ல் பகிஷ்காரத்தை உலகிடம் வேண்டினார். 1967-ல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தில்லியில் அலுவலகம் அமைத்தது. ஒடுக்குவோரிடம் கொள்வினையை நிறுத்திய தில்லி, ஒடுக்கப்பட்டோரிடம் பேச்சை நிறுத்தவில்லை. விடுதலை பெற்ற மண்டேலா 1990-ல் தில்லிக்கு வந்தார். 1993-ல் தூதுறவு மீண்டும் மலர்ந்தது. அவ்வெற்றி அந்நாட்டு மக்களின் போராட்டத்தால் விளைந்ததே. எனினும் அயலார் தடை அதற்குத் துணை நின்றது.

பர்மாவின் விஷயத்திலோ தில்லி வேறு வழி சென்றது. அண்ணல் அம்பேத்கருக்கு 1956-ல் தீட்சை அளித்த சந்திரமணி மகாதேரரைப் பெற்ற நாடு அது. 1988-ல் அங்கெழுந்த மக்கள் கிளர்ச்சியை ஆதரித்த தில்லி, சில ஆண்டுகளுக்குள் எல்லை அமைதியையும் வாணிபத்தையும் கருதித் தளபதிகளோடு உறவாடத் தொடங்கியது. 2007 செப்டம்பரில் பிக்குகள் படையினரின் தானத்தை மறுத்துப் பாத்திரங்களைக் கவிழ்த்து வீதிகளில் நடந்தனர். அதே மாதம் இந்தியப் பெட்ரோலிய அமைச்சர் எரிவாயு ஒப்பந்தங்களின் பொருட்டு அந்நாட்டிற்குச் சென்றிருந்தார். தில்லியில் கல்வி பயின்ற ஆங் சான் சூ கீ, 2012-ல் தில்லிக்கு வந்தபோது, தம் மக்களின் துன்ப நாளில் இந்தியா விலகிச் சென்றமைக்கு வருந்தியதை மறைக்கவில்லை.

ஆயினும் பேச்சு பயனற்றது என்று நாம் கூறோம். 2008-ல் நர்கிஸ் புயல் பர்மாவை அழித்தபோது, மேலைநாட்டு உதவியைத் தளபதிகள் தடுத்தனர். இந்தியக் கப்பல்களோ உணவும் மருந்தும் ஏந்தி விரைந்து சென்றன. பழகிய உறவே அவ்வழியைத் திறந்தது. மறுபுறம், 2003-ல் அமெரிக்கா பர்மியச் சரக்குகளை விலக்கியபோது வேலை இழந்தோர் தையல் ஆலைப் பெண்கள். தாய்லாந்துக்கு எரிவாயு விற்ற பணமோ தளபதிகளுக்கு வந்துகொண்டே இருந்தது. அது கவிழ்த்த பாத்திரம் அன்று. ஏழையின் கலத்தைப் பறித்ததாகும்.

எனவே, தடையா, பேச்சா என்று ஒன்றைத் தேர்வது பிழையென நாம் கருதுகிறோம். சுமை யார்மீது வீழ்கிறது, துன்புறுவோர் யாதினை வேண்டுகின்றனர், திருந்துவோன் மீள வழியுண்டா என வினவ வேண்டும். 2021 பிப்ரவரி முதல் நாள் தளபதிகள் மீண்டும் ஆட்சியைப் பறித்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம், பர்மாவுக்கு ஆயுதம் செல்லாது தடுக்குமாறு கோரிய தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 119 நாடுகள் ஆதரித்தன. வாக்களியாது நின்ற 36 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயுதம் மறுப்பதால் எந்த ஏழையின் அடுப்பும் அணையாது. பேச்சின் வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டே அப்பாத்திரத்தைக் கவிழ்த்திருக்கலாம்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. 2017-ல் ரோஹிங்கியா மக்கள் பர்மாவினின்று விரட்டப்பட்ட காலத்தில், வெறுப்பை விதைத்தோருள் துவராடை அணிந்தோரும் இருந்தனர். கொடுமை செய்வோன் நம் நெறியினன் என்பதற்காக அவன் தானத்தை ஏற்போமாயின், பிறரிடம் நீதி கேட்கும் உரிமையை நாம் இழப்போம். அவனுக்கும் பாத்திரத்தைக் கவிழ்ப்போம். அவன் திருந்தி வரும் நாளில் நிமிர்த்துவோம்.