இப்போதைக்கு இது போதுமா?



உயிலங்குளம் என்றதும் நம்மில் பலருக்குச் சோதனைச்சாவடியே நினைவுக்கு வரும். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது, இராணுவத்தின் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் இடையே அது ஒரு வாசலாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில், 1990 இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்து, தடைக்கு அப்பால் வாழ்ந்தவர்களுக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் எட்டாக்கனியாயின. ஆனாலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் ஓடின. எப்படி?

மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெயே போதும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. விசிறிப் பட்டி அறுந்தால் கயிறு. எண்ணெய்த் தாங்கி கசிந்தால் சவர்க்காரம். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இத்தகைய வண்டிகளை நம்பியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

இதை ஏமாற்று என்று எவராவது சொல்வாரா? மாட்டார். இல்லாமை கற்பித்த பாடம் அது. மேலும், அங்கே ஒளிப்பு இருக்கவில்லை. ஏறும்போதே புகையும் மணமும் உண்மையைச் சொல்லிவிடும்.

இன்றோ உதிரிப்பாகம் கடையில் கிடைக்கிறது. ஆயினும் "இப்போதைக்கு இது போதும்" என்ற சொல் நம் நாவை விட்டு அகலவில்லை. "கையில் காசில்லையே, என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏழையின் கைவேலையை யாரும் இகழக்கூடாது.

ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். விசிறிப் பட்டி அறுந்தால் வண்டி நின்றுவிடும். பிறேக் குழாய் உடைந்தால் வண்டி நிற்காது! மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சில்லுகளின் பிறேக்குக்கும் எண்ணெய் ஒரே தொடராகவே செல்கிறது. ஒரு சில்லில் கசிந்தாலும் நான்கிலும் பிடி போய்விடும். அந்த இடத்தில் கம்பியும் கயிறும் கட்டுகிறவர் தம் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. வீதியில் நடந்துவரும் பள்ளிப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கிறார். அந்தப் பிள்ளையிடம் அவர் சம்மதம் கேட்டாரா?

விற்கும்போதும் அப்படியே. ஒட்டுப்போட்டது குற்றமல்ல, ஒட்டின்மேல் வர்ணம் பூசி, வாய் திறவாமல் முழு விலை வாங்குவதே குற்றம். சொல்லாத உண்மையும் பொய்தான்.

ஆகவே, அவசரத்துக்கு ஒட்டுப்போடுங்கள். ஏறுபவரிடமும் வாங்குபவரிடமும் அதைச் சொல்லுங்கள். காசு சேர்ந்தவுடன் மாற்றுங்கள். பிறேக் போனாலோ, வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள். தாமதமாகப் போய்ச் சேருவது வெட்கமல்ல.