கடைசியாக வருபவர்

தாம்பரத்து சைக்கிள்காரர்களுக்குப் பெருங்களத்தூர் மேம்பாலம்தான் இமயமலை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு முடிச்சூர் ரோட்டில் கூடி, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் போய், இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிற கூட்டம் நாங்கள். வழியில் மேம்பாலம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்போம். அவ்ளோதான் எங்கள் ஏற்றம். அப்படிப்பட்ட ஒன்பது பேர் போன டிசம்பரில் மூன்று நாள் லீவு போட்டு, சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனோம்.

முதலில் பேசியது கல்லட்டியைப் பற்றித்தான். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் அந்த 36 கொண்டை ஊசி வளைவுகள், 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தால் சைக்கிள்காரர்களிடையே ஒரு மிரட்டும் பெயர். நமக்கு வேண்டாம் என்று தோன்றியது. கொல்லிமலையில் வளைவுகள் 70. ஆனால் சரிவு அவ்வளவு கொடூரமில்லை.

சமதளத்தில் வேகமாகப் போகும்போது மிதிப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் நாலில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம், சில சமயம் அதற்கு மேலும். பலமுள்ளவர் முன்னால் போனாலே போதும், அவர் பலம் பின்னால் இருப்பவருக்குக் கொஞ்சம் போய்ச் சேரும். மலையில் இது செல்லாது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. எதிரி புவியீர்ப்பு. அதை யாருக்காகவும் யாரும் மறைத்து நிற்க முடியாது. ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ, ஏற வேண்டிய உயரம் சுமார் 1000 மீட்டர் என்றால், உராய்வை விட்டுவிட்டாலும் எட்டே கால் லட்சம் ஜூலுக்கு மேல் ஆகிறது. 150 வாட் தரக்கூடிய கால்களுக்கு ஒன்றரை மணி நேரம். 100 வாட் கால்களுக்கு இரண்டு மணி இருபது நிமிடம். ஒரே மலை, ஒரே எடை, இடையில் முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பது எங்கள் விதி. பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று எல்லோருக்காகவும் காத்திருப்போம். காரவள்ளி அடிவாரத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான் முதல் மூவரில் ஒருவன். பத்தாவது வளைவில் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றேன், போட்டோ எடுத்தேன். எங்களில் மூத்தவருக்கு 54 வயது, சானடோரியம் பக்கம் கடை வைத்திருக்கிறார், எல்லோருக்கும் அண்ணன். அவர் கடைசியாக வந்து சேர்ந்ததும், "ஓகே, போலாமா?" என்று கிளம்பினோம். இருபதாவது வளைவிலும் அப்படியே. முப்பதாவதிலும். காத்திருந்தோம் என்ற திருப்தி வேறு எனக்கு.

நாற்பதாவது வளைவில் அவர் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். நாங்கள் எழுந்தோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னைப் பாத்ததும் எல்லாரும் எழுந்துடறீங்களேப்பா. பெரியவங்களப் பாத்து எழுந்துக்கறது மரியாதைதான். அதுக்குன்னு இப்படியா?"

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் மூவரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்திருந்தோம். அவர் நாலு நிறுத்தத்திலும் சேர்த்து மூன்று நிமிடம்கூட இல்லை. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைக்கவே இல்லை. அதையும் அவர் பெயரைச் சொல்லியே நாங்கள் அனுபவித்திருக்கிறோம்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பல திரெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது நடுவில் ஒரு தடுப்பு வைப்போம். எல்லாத் திரெட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் அது திறக்கும். முதலில் வந்தது நெடுநேரம் சும்மா நிற்கும், கடைசியாக வந்தது நிற்கவே நிற்காது. அங்கே அது சரி. திரெட்டுக்கு மூட்டு வலிக்காது.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அங்கே அவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது என் நேரம் மட்டும்தான். அதனால் நாற்பதிலிருந்து அவர் பக்கத்திலேயே ஓட்டினேன். அவ்வளவு மெதுவாக மிதிப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாலு வளைவு போனதும் அவரே சொன்னார்: "நீ போ தம்பி. நீ பக்கத்துல வந்தா நான் பேசணும். பேசினா மூச்சு வாங்குது." கூட வருவதும் சில சமயம் ஒரு பாரம். என் கருணையைச் சுமந்துகொண்டு அவர் மலையேற வேண்டியிருந்தது.

ஐம்பதாவது வளைவில் புது விதி ஒன்றைச் சொன்னேன்: ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும், பத்து நிமிடம். எங்களில் இளையவன் ஒத்துக்கொள்ளவில்லை. "கால் சில்லுனு ஆயிடுது. மறுபடி சூடேத்தணும். நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் ஏர்றோம்." அவன் சொன்னதில் பொய் இல்லை. 150 வாட் தருபவனுக்கும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் இழப்பது வசதி, அண்ணன் இழப்பது மலையை. இரண்டும் ஒரே தராசில் நிற்காது என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அங்கே வாயைத் திறக்கவில்லை.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரெனீஸ் மலைகளைப் பாதையில் சேர்த்த 1910ஆம் ஆண்டிலேயே, பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டியையும் விட்டார்கள். துடைப்ப வண்டி என்று அதற்குப் பெயர். குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் பந்தயத்தைவிட்டே வெளியேற்றுவார்கள். அதனால் மலை நாட்களில் ஏற முடியாதவர்கள் பின்னால் ஒன்று கூடி, நேரத்தைக் கணக்குப் போட்டபடி சேர்ந்தே வருவார்கள். அந்தக் கூட்டத்தை க்ரூப்பெட்டோ என்கிறார்கள். மெதுவானவர்களுக்கு இன்னும் சில மெதுவானவர்கள் துணை. எங்கள் அண்ணனுக்கு அதுவும் இல்லை, அவர் ஒருவர்தான்.

அறுபத்தொன்றாவது வளைவில் அவர் சைக்கிளை வேனில் ஏற்றினார். வேன் எங்களைத் தாண்டிப் போனபோது ஜன்னலிலிருந்து கையாட்டினார். நாங்கள் எழுபதை முடித்து மேலே போனபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டு டீ சொல்லி வைத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை. கிழக்குத் தாம்பரம் போகும்போதெல்லாம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நான் இரண்டிரண்டு படியாக ஏறி, மேலே நின்று போனைப் பார்ப்பேன். அவர் தலை தெரிந்ததும் நடக்க ஆரம்பிப்பேன். எத்தனை வருடமாக இப்படி என்று கணக்கில்லை.

போன வாரம் அவர் மேலே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கீழே செங்கல்பட்டு லோக்கல் வந்து நின்று, கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னடா, யாராவது வர்றாங்களா?"